எந்த மாதத்து விமானம்?

(சாமராஜநகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையில் மைசூர் பெயரைத் தாங்கிய போர் விமான அணி ஒன்று இருந்தது. 129ஆம் அணி. ஆவணங்களில் அதன் முழுப்பெயர் ‘129 (மைசூர்) அணி’. மைசூர் சமஸ்தானம் கொடுத்த போர் நன்கொடையை மதித்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1941 ஜூன் 16 அன்று வட இங்கிலாந்தின் லெகன்ஃபீல்டு விமானத் தளத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களோடு அது உருவானது. அதன் சின்னம் என்ன தெரியுமா? கண்டபேருண்டம். இந்த மாநில அரசின் முத்திரையில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே இரட்டைத்தலைப் பறவை.

இந்த ஊருக்கு சாமராஜநகர் என்று பெயர் வந்தது உடையார் மரபின் சாமராஜர் இங்கே பிறந்ததால். அவர் மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தந்தையின் நினைவாக 1826இல் கட்டிய கோயில் இதோ பக்கத்தில் நிற்கிறது. அதே அரச மரபின் பறவைச் சின்னம் இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே பறந்த ஓர் அணிக்குச் சின்னமாக இருந்த செய்தி நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை. எனக்கே அது தெரிய வந்தது ஒரு மாதிரி விமானத்துக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தபோதுதான். அதனால்தான் இன்று பெயிண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மேசை மேல் இருப்பதுதான் அது. ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் மாடல், 72இல் ஒரு பங்கு அளவு. அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 11.2 மீட்டர், இதில் 156 மில்லிமீட்டர். என் உள்ளங்கையை விரித்தால் அதில் உட்கார்ந்துவிடும். ஆறடி உயரத்தை ஓர் அங்குலமாகச் சுருக்குகிற இந்த அளவு 1930களிலேயே இங்கிலாந்தில் நிலைபெற்றுவிட்டது. போர் வந்ததும் அதற்கு அவசர வேலை வந்தது. தலைக்கு மேல் போவது நம் விமானமா, எதிரி விமானமா என்று நொடியில் சொல்லப் பழக்குவதற்கு மாதிரிகள் தேவைப்பட்டன. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. எல்லாம் இதே அளவு, எல்லாவற்றுக்கும் கறுப்பு. உருவத்தை மட்டும் வைத்து அடையாளம் காணப் பழக வேண்டும் என்பதால் நிறமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1953இல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி இதே அளவில் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் வீட்டு மேசையில் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கும் கூட்டம் உலகெங்கும் பெருகியது.

கிட் பெட்டியைத் திறந்ததும் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, “அங்கிள், என்ன கலர் அடிக்கணும்?” நான் திருப்பிக் கேட்பேன்: எந்த மாதத்து விமானம்?

மைசூர் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941 ஜூனில் அது தொடங்கியபோது பிரிட்டிஷ் போர் விமானங்களின் மேற்புறம் மண் பழுப்பும் அடர்பச்சையும் பட்டை பட்டையாக இருந்தது. அடிப்பக்கம் ‘ஸ்கை’ என்கிற வெளிர்பச்சை கலந்த நிறம். இங்கிலாந்தின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் மேலே தற்காப்புக்காகப் பறந்த காலத்து ஏற்பாடு அது. ஆனால் 1941க்குள் போரின் போக்கு மாறிவிட்டது. கால்வாயைத் தாண்டிப் போய் பிரான்சில் தாக்க ஆரம்பித்தார்கள். கீழே வயல் இல்லை, கடல். பறக்கும் உயரமும் கூடிவிட்டது. அங்கே பழுப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அந்த ஆகஸ்டில் உத்தரவு வந்தது: பழுப்பு போய் ‘ஓஷன் கிரே’ என்கிற நீலச்சாயல் சாம்பல் வரட்டும், அடிப்பக்கம் ‘மீடியம் சீ கிரே’ என்கிற வெளிர்சாம்பலாகட்டும். மைசூர் அணி பிறந்து இரண்டே மாதத்தில் அதன் விமானங்களின் நிறம் மாறியது. ஜூலையில் எடுத்த படத்தை வைத்து செப்டம்பர் விமானத்துக்குப் பெயிண்ட் அடித்தால் அது பொய்.

இன்னும் நுணுக்கமாகப் போகலாம். புதிய சாம்பல் எல்லாத் தளங்களுக்கும் உடனே கிடைக்கவில்லை. கையிருப்பில் இருந்த ‘மீடியம் சீ கிரே’ ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு கலந்து அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தளத்து ஊழியர்கள் வாளியில் கலந்த கலவை அது. ஆகவே 1941 செப்டம்பர் விமானம் ஒன்றைச் செய்கிறவர் கடையில் வாங்கிய ‘ஓஷன் கிரே’ பாட்டிலை அப்படியே ஊற்றுவதைவிட, ஏழுக்கு ஒன்று கலந்து பார்ப்பது நல்லது. நான் இந்த விமானத்துக்கு அப்படித்தான் கலந்தேன். சொட்டு மருந்து ஊற்றும் ஃபில்லரில் ஏழு சொட்டு, ஒரு சொட்டு. நீலச்சாயல் குறைந்து, கொஞ்சம் அழுக்கான சாம்பலாக வந்தது. பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும்.

வாலுக்கு முன்னால் ஒரு வெளிர்பச்சை வளையம் இருக்கிறதே, அதற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் போர் தொடங்குவதற்கு முன்பே உளவுப் புகைப்படம் எடுக்கிற வேலையில் இருந்தவர். லண்டன் அருகே ஹெஸ்டன் விமான நிலையத்தில் ஜோத்பூர் மகாராஜாவின் வெளிர்பச்சை விமானம் கிளம்பிச் சற்று நேரத்திலேயே வானத்தில் கரைந்து மறைந்ததைப் பார்த்தாராம். அதைப் பார்த்துத்தான் தன் விமானங்களுக்கு ‘கேமோடின்ட்’ என்ற நிறத்தைச் செய்யச் சொன்னேன் என்பது அவர் தந்த விவரம். அந்த நிறத்திலிருந்து வந்ததுதான் ‘ஸ்கை’. ராஜஸ்தானத்து அரசர் ஒருவரின் விமான நிறம், மைசூர் அரசின் காசில் உருவான அணியின் வால் வளையம் வரை வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்த வளையத்தை அடித்தபோது கை கொஞ்சம் நிதானமாகவே போனது.

காசு என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும். 1940இல் பிரிட்டனின் விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுன் என்று கணக்கு வைத்தார். உண்மைச் செலவு அதற்கும் மேல். நன்கொடை கேட்பதற்கு வசதியாக வைத்த தொகை இது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 66,700 ரூபாய். சமஸ்தானக் கஜானாவில் இருந்த பணம் எங்கிருந்து வந்தது? குடியானவன் கட்டிய தீர்வையிலிருந்தும்தான். அந்தக் குடியானவர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டுகளில் விடுதலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிவமொக்கா பக்கத்து ஈசூர் கிராமத்தில் 1942இல் மக்கள் எழுந்தார்கள். 1943 மார்ச்சில் ஐவர் தூக்கிலிடப்பட்டார்கள். அப்போது மைசூர் அணி கால்வாய்க்கு மேலே பறந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே அரசின் கதை. இந்த விமானத்தைச் செய்வது அந்த அரசைக் கொண்டாடுவதற்காக என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்ததை நடந்தபடி நிறுத்தி வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 79, 234 என்ற இரண்டு அணிகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ பெயரைத் தாங்கியவை. இதில் 79ஆம் அணி 1942இல் ஹரிக்கேன் விமானங்களோடு இந்தியாவுக்கே வந்து பர்மா போர்முனையில் சண்டையிட்டது. அங்கே பெயிண்ட் இன்னொரு விதமாக மாறியது. பிரிட்டிஷ் வட்ட முத்திரையின் நடுவில் சிவப்புப் புள்ளி உண்டு. ஜப்பானிய விமானத்தின் முத்திரையோ முழுச் சிவப்பு வட்டம். சண்டை நடக்கும் நொடியில் சிவப்பைப் பார்த்ததும் சுட்டுவிட்டால்? நம் ஆளே நம் ஆளைச் சுட்டதாகிவிடும். அதனால் இந்தியாவிலும் பர்மாவிலும் சிவப்பை அழித்துவிட்டார்கள். சுற்றிக் கருநீலம், நடுவில் வெளிர்நீலம், அவ்வளவுதான். 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய வான்படையின் முதல் அணியின் ஹரிக்கேன்களிலும் சிவப்பு கிடையாது. இம்பால் ஹரிக்கேனைச் செய்துவிட்டு, கிட்டில் வந்த சிவப்பு நடு முத்திரையை ஒட்டிப் பரிசுக்கு வைத்திருந்ததை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். வேலைப்பாடு கண்ணைப் பறித்தது. எனக்கு மனம் ஒட்டவில்லை. அந்தச் சிவப்பை அழித்ததற்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

சரி, கையில் தூரிகையை எடுப்போம். மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் பாகங்கள் அச்சிலிருந்து வரும்போது எண்ணெய்ப் பசையோடு வரும். பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவையுங்கள். விமானி உட்காரும் அறைக்கு உடலை மூடி ஒட்டுவதற்கு முன்பே சாம்பல் கலந்த பச்சை அடித்துவிட வேண்டும். பிறகு தூரிகை உள்ளே போகாது. ஒட்டிய பின் இடைவெளி இருந்தால், கார் ஒர்க்‌ஷாப்பில் செய்கிற அதே வேலைதான்: பட்டி வைத்து, நனைத்த வாட்டர் பேப்பரால் தேய்ப்பது. ஆயிரம் நம்பர் தாளுக்குக் கீழே போகாதீர்கள். தேய்த்ததும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

இங்கே ஒரு கணக்கு. 72இல் ஒரு பங்கு அளவில் பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறினால், அசல் விமானத்தில் அது 7 மில்லிமீட்டர் கனம். எந்த விமானத்திலும் அப்படி அப்பியிருக்க மாட்டார்கள். ஆகவே மெல்லிசாக, பால் மாதிரி நீர்த்த பதத்தில், இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முழுதாகக் காய்ந்த பிறகு அடுத்தது.

மேற்பரப்பு மழமழப்பாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த காலத்தில் ஒரு சந்தேகம் வந்தது. தகட்டில் அடிக்கிற ரிவெட்டுகளின் தலையை உள்ளே அமுக்கிச் சமமாக்குவது செலவு பிடித்த வேலை. எல்லா இடத்திலும் அது அவசியமா? உருண்டைத் தலை ரிவெட் இருந்தால் எவ்வளவு வேகம் குறையும்? அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் பசை போட்டு ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். மணிக்கு 22 மைல் வேகம் குறைந்தது! பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பருப்பை எடுத்துவிட்டு, எங்கே சமமான ரிவெட் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கண்டுபிடித்தார்கள். சமையலறைப் பருப்பை வைத்துச் செய்த இந்தச் சோதனையைப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் மாதிரி விமானத்தில் பெயிண்டுக்குள் சிக்கிய ஒரு தூசி, அசலில் அந்தப் பருப்பைவிடப் பெரியது.

தூசி என்றதும் நம்முடைய பருவநிலை. மழைக்காலத்தில் லாக்கர் பெயிண்டை ஸ்ப்ரே செய்யாதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். கோடையில் வேறு தொந்தரவு: தின்னர் தெறிக்கிற வேகத்தில் காய்ந்து, மேற்பரப்பு மணல் தெளித்தது போல சொரசொரவென்று வரும். நம் பக்கத்தில் விடியற்காலை நேரம்தான் எனக்குத் தோதாக இருக்கிறது. கம்ப்ரஸர், ஏர்பிரஷ் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அக்ரிலிக் பெயிண்டும் நல்ல தட்டைத் தூரிகையும் போதும். முகமூடி மட்டும் கட்டாயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நிறங்களின் வரிசை: வெளிறியது முதலில், அடர்ந்தது கடைசியில். இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் கோடு உண்டு. மஞ்சள் தனியாக நிற்காது, அடியில் வெள்ளை அடித்து அதன் மேல் மஞ்சள். வால் வளையமும் அப்படியே. இரண்டையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அடிப்பக்கத்து வெளிர்சாம்பல், பிறகு மேலே கலவைச் சாம்பல், கடைசியில் பச்சை. பச்சையும் சாம்பலும் சேருகிற ஓரம் எவ்வளவு மங்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அசலில் இரண்டு அங்குலம் மங்கியிருந்தால் இதில் 0.7 மில்லிமீட்டர். அதற்கு மேல் மங்கினால் விமானம் பொம்மையாகிவிடும்.

நிறத்தின் அடர்த்தியைப் பற்றி ஒன்று. மழை விட்ட ஒரு காலையில் இங்கிருந்து பிளிகிரிரங்கன் மலையைப் பாருங்கள். அது கரும்பச்சைக் காடு என்று நமக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு நீலச்சாம்பலாகத் தெரிகிறது. இடையில் இருக்கிற காற்று நிறத்தை வெளிற வைக்கிறது. ஒரு சாண் மாதிரி விமானத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கும்போது, நாம் உண்மையில் அசல் விமானத்தைப் சுமார் நாற்பது மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதாகத்தான் அர்த்தம். ஆகவே அசல் நிறத்தைவிட ஒரு துளி வெளிறியதாக அடித்தால்தான் கண் நம்பும். கறுப்பு எங்கும் முழுக் கறுப்பாக இருக்கக் கூடாது.

அடுத்து டீகால். முத்திரை, எழுத்து எல்லாம் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டுகிற மெல்லிய படலமாக வரும். மேட் பெயிண்டின் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி பளபளக்கும். முதலில் பளபள வார்னிஷ் அடித்து, அது காய்ந்த பின் டீகால், அதன் மேல் டீகாலை மென்மையாக்கும் திரவம். படலம் சுருங்கி வரும், பயந்து தொடாதீர்கள். தானே படிந்து, தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கிவிடும். மைசூர் அணியின் எழுத்து ‘டி வி’. பிரிட்டிஷ் வட்ட முத்திரையும் 1942இல் மாறியது. இடையில் இருந்த வெள்ளை வளையமும் வெளியே இருந்த மஞ்சள் வளையமும் மெலிந்தன. மறுபடியும் மாதம் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் ஆசை வரும். நம் கண்டபேருண்டத்தை மூக்கில் வரைந்துவிடலாமே என்று. எனக்கும் கை துடித்தது. வரையவில்லை. போர்க்காலத்தில் அணியைக் காட்டியது அந்த இரண்டு எழுத்துகள்தான். குறிப்பிட்ட விமானத்தில் பறவை இருந்தது என்று ஒரு புகைப்படம் சொல்லாத வரை, அதை வரைய நமக்கு உரிமை இல்லை. பறவையைத் தனியாக ஒரு பலகையில் வரைந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன், அது போதும்.

கடைசியாக, உழைத்த அடையாளங்கள். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் கதவு இடப்பக்கம். பூட்ஸ் காலால் மிதித்து ஏறுவதால் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் பெயிண்ட் அதிகம் தேயும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்த்துவிடாதீர்கள். இறக்கையின் முன்விளிம்பில் நான்கு சிறிய சிவப்புச் சதுரங்கள் தெரிகிறதா? இயந்திரத் துப்பாக்கியின் வாய்கள் அவை. மேலே உறைபனியும் கீழே தூசியும் உள்ளே போகாமலிருக்க, ஆயுதப் பணியாளர் சிவப்புத் துணியை ஒட்டி மூடிவிடுவார். சுட்டால் துணி கிழியும். துணி முழுதாக இருந்தால் அந்த விமானம் இன்னும் சுடவில்லை. கிழிந்து, பின்னால் கரிப்படலம் ஓடியிருந்தால் சண்டையிலிருந்து திரும்பியது. துணியை முழுதாக வைத்துவிட்டு இறக்கையெல்லாம் கரியைப் பூசி வைத்த மாதிரிகளை நிறையப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் முழுத் துணியைத் தேர்ந்தெடுத்தேன். இது புறப்படுவதற்கு முந்தைய காலை.

அந்த அணியின் மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அது 1941லேயே தெற்குக் கடற்கரையோரம் வெஸ்ட்ஹாம்ப்னெட்டுக்கு நகர்ந்தது. 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் டியெப் துறைமுகத்தின் மீதான தாக்குதலில் பங்கெடுத்தது. 1944 ஏப்ரலில் ஸ்பிட்ஃபயரை விட்டு அமெரிக்க மஸ்டாங்குக்கு மாறியது. அந்த ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படைகளை இறக்குவதற்காக நேச நாட்டு விமானங்கள் பலவற்றுக்கு மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள் பூசினார்கள்; ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குலம், நம் அளவில் 6.35 மில்லிமீட்டர். பல தளங்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தூரிகையால் அடித்த பட்டைகள் அவை, அதனால் ஓரம் நேராக இருக்காது. அந்தக் கோடையில் மைசூர் அணி பிரென்செட் தளத்திலிருந்து ஜெர்மனியின் பறக்கும் குண்டுகளைத் துரத்தியது. போர் முடிந்ததும் மீண்டும் ஸ்பிட்ஃபயர், சில காலம் நார்வே. 1946 செப்டம்பர் 1 அன்று அதன் எண்ணை 257 என்று மாற்றிவிட்டார்கள். மைசூர் பெயர் அத்தோடு போயிற்று.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்த்தார்கள், தமிழர்கள் நிறைய. இந்தப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் போயிருப்பார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அங்கே ஃபிட்டராக, பெயிண்டராக இருந்திருந்தால், பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு படம் இருக்கும். ஒரு விமானத்தின் பக்கத்தில் நாலு பேர் நிற்கிற சாதாரணப் படமாக இருக்கலாம். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்போனில் தெளிவாக ஒரு நகல் எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் வருடத்தையும், நினைவிருந்தால் மாதத்தையும், விமானம் என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள்.